பேட்டனும் அளவு நாடாவும்: பினாங்கில் எட்டு நாள்

ஞாயிறு: கே.எல். சென்ட்ரல், பட்டர்வொர்த், ஜார்ஜ்டவுன்

கோலாலம்பூர்க் கல்லூரியின் தடகள அணி ஒன்று, பதின்மூன்று பெண்கள், கூடவே பயிற்றுநர்கள் நாங்கள். சனிக்கிழமை பினாங்கில் சிறிய திறந்த போட்டி. அதற்கு முன் ஐந்து நாள் திடல் கிடைத்திருக்கிறது. ஐந்து நாளில் யாருக்கும் வேகம் கூடாது. கூட்டப் பார்த்தால் பின்தொடைத் தசைதான் கிழியும். ஆனால் அளவுகளைச் சரிசெய்ய ஐந்து நாள் தாராளம். அஞ்சல் ஓட்டத்தில் பேட்டன் (ஒருவர் அடுத்தவரிடம் கொடுக்கும் குழல்) மாற்றும் மார்க், நீளம் தாண்டுபவர் ஓடத் தொடங்கும் இடம், முதல் தடைக்கு முன்னால் வைக்கும் எட்டுக் காலடி, இவைதாம் அந்த அளவுகள். அதனால் இந்தப் பயணத்தில் முதலில் பையில் ஏறியது 50 மீட்டர் அளவு நாடா.

மற்றச் சாமான்: பேட்டன் நான்கு (நீளம் 28 முதல் 30 செ.மீ., எடை 50 கிராமுக்குக் குறையக்கூடாது), இரண்டு நிற டேப், ஸ்டாப்வாட்ச் மூன்று, ஸ்பைக்ஸ் ஆணிகளும் அவற்றைக் கழற்றும் திருகியும், ஊக்கு ஐம்பது, சானிட்டரி பேட் இரண்டு பாக்கெட், எலக்ட்ரானிக் எடைத் தராசு ஒன்று. செயற்கை ஓடுதளத்தில் ஆணி 9 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. உயரம் தாண்டுதலுக்கும் ஈட்டிக்கும் மட்டும் 12 வரை. சில திடல்களில் அதைவிடக் குட்டையான ஆணியைத்தான் விடுவார்கள். 6 மில்லிமீட்டர் ஆணியும் ஒரு டப்பா இருந்தால் கடைசி நேர ஓட்டம் மிச்சம்.

பெண்களுக்கான ஈட்டி 600 கிராம்தான், ஆனால் நீளம் 2.20 முதல் 2.30 மீட்டர். ரயில் பெட்டியில் எங்கே வைத்தாலும் யாராவது ஒருவர் முகத்துக்கு நேரே நிற்கும். குழாய் உறையில் போட்டு முந்தின நாளே வேனில் அனுப்பிவிடுவது நல்லது.

இடிஎஸ் என்ற மின்சார ரயிலில் பட்டர்வொர்த்துக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல். உட்கார்ந்தே போனால் இடுப்பின் முன்பக்கத் தசை இறுகி, மறுநாள் காலை ஓடும்போது முட்டி மேலே வராது. மணிக்கொரு தடவை எழுந்து பெட்டியின் நீளத்துக்கு நடப்பது, குதிங்கால் தூக்குவது இருபது. சாப்பாடு வீட்டிலிருந்து: இட்லி, வேகவைத்த முட்டை, வாழைப்பழம். நிலையத்து நாசி லெமாக் ருசிதான், ஆனால் தேங்காய்ப்பாலும் சம்பலும் நான்கு மணி நேரம் வயிற்றில் உட்கார்ந்துவிடும்.

பேராக்கைத் தாண்டும்போது எம். ராஜாமணியின் கதை வந்தது. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடியவர், 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தங்கம். அதே பாங்காக்கில் எம். ஜெகதீசன் 100, 200, 4×100 அஞ்சல் என மூன்று தங்கம் எடுத்தார். பெண்களில் பாதிப் பேருக்கு ராஜாமணி என்ற பெயரே புதிது.

பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெர்ரி, கால் மணி நேரம் கடல். அறை ஒதுக்கும்போது ஒரு கணக்கு: காலையில் முதலில் திடலுக்குப் போகிறவர்கள் ஒரு அறையில், தாமதமாகப் போகிறவர்கள் இன்னொரு அறையில். தோழிகளைச் சேர்த்துப் போட்டால் இரவு ஒரு மணி வரை பேச்சு ஓயாது.

திங்கள்: வியர்வையை அளப்பது

செப்டம்பரில் பினாங்கில் ஏழேகாலுக்கு முன் சரியான வெளிச்சம் வருவதில்லை. ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடிக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் ஓடுதளத்தின் ரப்பர், காலணி வழியாகவே சுடும். மதியத்தில் கை வைக்க முடியாது. மாலை ஐந்துக்கு மேல் இரண்டாவது வேளை, இடி விட்டால்.

முதல் நாள் வேலை, யார் எவ்வளவு வியர்க்கிறார் என்று கண்டுபிடிப்பது. பயிற்சிக்கு முன் எடை, பின் எடை. உதாரணத்துக்கு ஒருத்தி 54.0 கிலோ. 75 நிமிடம் கழித்து வியர்வையைத் துடைத்துவிட்டு ஏறினால் 53.3. நடுவில் அரை லிட்டர் குடித்திருக்கிறாள். ஆக 1.2 லிட்டர் வியர்வை. எடையில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் இறங்கவிடக்கூடாது. இவளுக்கு அந்த எல்லை 1.1 கிலோ. இறங்கிய எடையைப் போல ஒன்றரை மடங்கு நீரை அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்தில் சிறிது சிறிதாகக் குடித்து ஈடுகட்ட வேண்டும். ஒரே மூச்சில் ஊற்றினால் சிறுநீராகப் போய்விடும். மாறாக, பின் எடை முன் எடையைவிடக் கூடியிருந்தால் அவள் தேவைக்கு மேல் குடிக்கிறாள். இரத்தத்தில் உப்பு நீர்த்துப் போவதும் ஆபத்துதான். தண்ணீர் குடி, குடி என்று கத்துகிற பயிற்றுநர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பெண்கள் அணியில் தராசை வைக்கும் விதத்தில் கவனம் வேண்டும். திடலோரத்தில் வரிசையாக நிறுத்தி எடையை உரக்கப் படித்தால், அன்று இரவே இரண்டு பேர் சோற்றைக் குறைப்பார்கள். தராசு அறைக்குள் இருக்கட்டும். ஒவ்வொருத்தியும் தனியாக ஏறிப் பார்த்து, வித்தியாசத்தை மட்டும் அக்காவிடம் (அணியோடு வந்திருக்கும் பெண் பொறுப்பாளர்) சொன்னால் போதும். எங்கள் ஏட்டில் 0.7 என்றுதான் எழுதுகிறோம். 54 அதில் இல்லை.

பானம்: ஒரு லிட்டர் தண்ணீர், 60 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, அரை எலுமிச்சை. சர்க்கரை இதைவிடக் கூடினால் வயிற்றைப் புரட்டும். கடையில் 100 ப்ளஸ் என்ற வாயு கலந்த விளையாட்டு பானம் வாங்கினால் மூடியைத் திறந்து குலுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டுக் குடிப்பது இங்கே எல்லா அணியும் செய்வது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, உப்புக் குறைவு. ருசிக்குக் குடிக்கலாம், வியர்வைக்கு அது மட்டும் போதாது.

மாலையில் வானம் கறுத்தது. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்க வேண்டும். இடிச் சத்தம் 30 விநாடிக்குள் வந்தால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. எல்லோரும் கட்டடத்துக்குள், அல்லது மூடிய பேருந்துக்குள். மரத்தடியும் கூரை மட்டும் உள்ள பார்வையாளர் படிக்கட்டும் கணக்கில் வராது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் முழுதாகக் கழியணும். நடுவில் ஒரு இடி கேட்டால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து. நேற்று இரண்டு முறை பூஜ்யத்துக்குப் போய், மாலைப் பயிற்சி அப்படியே கரைந்தது. (செவ்வாய் காலையில் எழுதுகிறோம்.)

செவ்வாய்: பேட்டன்

நீளமான பதிவு. அஞ்சல் ஓட்டத்தில் அக்கறை இல்லாதவர்கள் நாளைக்கு வரலாம்.

4×100இல் பேட்டன் மாற்றும் பகுதி 30 மீட்டர். முன்பு 20 மீட்டர் பகுதியும் அதற்கு முன்னால் ஓடிப் பழக 10 மீட்டரும் தனித்தனியாக இருந்தன. இப்போது எல்லாம் ஒன்று. வாங்குபவர் அதற்குள்தான் நிற்க வேண்டும், பேட்டன் அதற்குள்தான் கைமாற வேண்டும். கவனிக்க வேண்டியது பேட்டன் இருக்கும் இடத்தை. ஓடுபவரின் காலோ உடம்போ கோட்டைத் தாண்டியிருந்தாலும், பேட்டன் உள்ளே மாறியிருந்தால் சரி.

வாங்குபவர் எப்போது புறப்படுவது? தடத்தில் ஒரே ஒரு டேப் ஒட்டலாம், 5 செ.மீ.க்கு 40 செ.மீ. அளவுக்குள். சுண்ணாம்புக் கோடு கூடாது. கொடுப்பவர் அந்த டேப்பை மிதிக்கும் கணத்தில் வாங்குபவர் கிளம்ப வேண்டும். டேப் எங்கே என்பதை ஊகிப்பவர்கள்தான் அதிகம். கணக்குப் போடலாம்.

கொடுப்பவரின் கடைசி 20 மீட்டரை அளக்கிறோம். 2.5 விநாடி என்றால் விநாடிக்கு 8 மீட்டர். வாங்குபவர், டேப் மிதிபட்டதிலிருந்து 20 மீட்டர் போக எடுக்கும் நேரம் 3.3 விநாடி. அந்த 3.3 விநாடியில் கொடுப்பவர் 26.4 மீட்டர் வருவார். கைமாறும்போது இருவர் கையும் நீண்டிருப்பதால் இடையில் ஒரு மீட்டர் இடைவெளி இருக்கும். ஆகவே கொடுப்பவர் 20க்குப் பதில் 19 மீட்டர் வந்தால் போதும். 26.4இல் 19 போக 7.4. வாங்குபவர் நிற்கும் இடத்திலிருந்து டேப் வரை 7.4 மீட்டர். 25 செ.மீ. காலணியால் குதிங்காலும் பெருவிரலும் ஒட்ட நடந்தால் முப்பது பாத அளவு.

காகிதத்தில் முப்பது. திடலில் 26இல்தான் தொடங்கினோம். முதல் சில முயற்சிகளில் வாங்குபவர் சீக்கிரமே கிளம்பிவிடுவார். பின்னால் கேட்கும் காலடிச் சத்தம் அவரை அவசரப்படுத்தும். 30இல் தொடங்கினால் கொடுப்பவரால் எட்டவே முடியாது. 26இல் கொடுப்பவர் எட்டிப் பிடிக்கச் சிரமப்பட்டால் இரண்டு முறை பார்க்கிறோம். வாங்குபவர் சீக்கிரம் கிளம்பியதாலா, டேப் தொலைவாக இருப்பதாலா என்று பிரித்துப் பார்க்காமல் டேப்பை நகர்த்தக் கூடாது. இதற்காகவே ஒருவர் டேப்புக்கு நேரே பக்கவாட்டில் நின்று கைபேசியில் படம் எடுக்க வேண்டும். கால் டேப்பில் விழுவதும் வாங்குபவரின் முதல் அசைவும் ஒரே படத்தில் தெரியும். இரண்டாவது மாற்றத்துக்கு மாலையில் 28 என்று நின்றது.

யார் எத்தனையாவது ஓடுவது? முதல் ஆளுக்குத் தொடக்கக் கட்டையும் வளைவும் ஒத்துவர வேண்டும், வாங்கத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. இரண்டாமவர் வாங்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும். பேட்டனோடு ஓடும் தூரமும் அதிகம். 200 மீட்டர் ஓடுபவர், நீளம் தாண்டுபவர் இங்கே பொருந்துவார்கள். மூன்றாமவருக்கு மறுபடி வளைவு. நான்காமவர், பக்கத்துத் தடத்தில் ஒருத்தி முன்னால் ஓடும்போதும் தோளை இறுக்காதவர். அதிவேகக்காரியைக் கடைசியில் போடுவது வழக்கம்தான். ஆனால் அவளுக்கு வாங்கத் தெரியாவிட்டால் அந்த வேகம் கோட்டுக்குப் பின்னாலேயே தங்கிவிடும்.

கை வரிசை வலது, இடது, வலது, இடது. முதலாமவரும் மூன்றாமவரும் வலது கையில் பிடித்துத் தடத்தின் உள்பக்கமாக ஓட வேண்டும், வளைவில் தூரம் மிச்சமாகும். மற்ற இருவரும் இடது கையில், வெளிப்பக்கமாக. ஓடும் நடுவில் கை மாற்றினால் பேட்டன் விழுவதற்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்ததாகும்.

கொடுக்கும் முறையில் பல பயிற்றுநர்களுக்குப் பல கருத்து. கீழிருந்து மேலே கொடுத்தால் கை இயல்பாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் பிடிப்பு நகர்ந்து கடைசி ஆளுக்குப் பேட்டனின் நுனிதான் மிஞ்சும். எங்கள் ஓட்டு தள்ளிக் கொடுக்கும் முறைக்கு: வாங்குபவரின் கை தோளுக்குச் சற்றுக் கீழே பின்னால் நீண்டு, உள்ளங்கை பின்பக்கம் பார்த்து, கட்டைவிரல் கீழே. கொடுப்பவர் பேட்டனை நிமிர்த்திப் பிடித்து உள்ளங்கைக்குள் நேராகத் தள்ளுகிறார். கை ஆடக்கூடாது. தேடுவது கொடுப்பவரின் வேலை, வாங்குபவரின் வேலை அல்ல.

அழைப்புச் சொல் ஓரசையாக இருக்கணும். பல அணிகள் ‘ஹேண்ட்’ என்று கத்துகின்றன. எட்டுத் தடத்திலும் ஒரே சத்தம் கேட்டால், பக்கத்துத் தடத்தின் ‘ஹேண்ட்’டுக்கு நம் பிள்ளை கையை நீட்டிவிடுவாள். இந்த அணி ‘கை!’ என்கிறது. நெடில், தொண்டையிலிருந்து வரும். இதோடு இன்னொரு சொல்லும் வேண்டும்: எட்ட முடியாது என்று தெரிந்த கணத்தில் கொடுப்பவர் கத்துவதற்கு. ‘நில்!’ என்று வைத்துக்கொண்டோம். கேட்டதும் வாங்குபவர் வேகத்தைக் குறைக்க வேண்டும். நேரம் போகும், ஓட்டம் போகாது. இதைப் பேசினோம், பழகவில்லை.

பழகும் வரிசை: நால்வரும் ஒரே இடத்தில் நின்று கையசைப்பு மட்டும் இருபது முறை, மெதுவோட்டத்தில் பத்து, முக்கால் வேகத்தில் நான்கு. முழு வேகம் ஒரு நாளைக்கு ஆளுக்கு ஆறுக்கு மேல் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு விரைவோட்டம் என்பது மறந்துபோகும். ஏழாவது முறை நேர்த்தி வராது, பின்தொடைதான் இழுக்கும்.

பேட்டன் 30 மீட்டர்ப் பகுதிக்குள் நுழைவதிலிருந்து வெளியேறும் வரை ஸ்டாப்வாட்ச் வைத்தால் முன்னேற்றம் தெரியும். நல்ல அணியில் அஞ்சல் நேரம், நால்வரின் 100 மீட்டர் நேரத்தைக் கூட்டியதைவிட இரண்டு விநாடிக்கு மேல் குறைந்திருக்கும். குறையாவிட்டால் ஓட்டக்காரிகளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மாற்றத்தில்தான் போகிறது.

புதன்: தாவரவியல் பூங்கா, கணுக்கால், இரும்பு

ஓட்டம் இல்லாத நாள். தாவரவியல் பூங்காவில் நாற்பது நிமிட நடை. குரங்குகளுக்கு முன்னால் பிளாஸ்டிக் பை கூடாது. பூங்கா வாசலிலிருந்து கொடிமலைக்கு ஜீப் பாதை ஏறுகிறது. மலை 833 மீட்டர். போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது அதில் ஒரு வளைவுகூட வேண்டாம்.

பூங்காவுக்குப் போகும் வழியில் தண்ணீர்மலை. பாலதண்டாயுதபாணி கோயில் படிகளைப் பார்த்ததும், “ஏறிட்டு வந்துடலாமா கோச்? அரை மணி நேரந்தானே?” என்றார்கள். ஏறுவதில் பெரிய கெடுதல் இல்லை, 513 படி இறங்குவதில்தான். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும். அப்படி வேலை செய்த தசையில் வலி உடனே தெரியாது. ஒரு நாள் கழித்துத் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். புதன் இறங்கினால் சனிக்கிழமை தொடக்கக் கட்டையில் உட்காரவே வலிக்கும். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று முடிவு.

முன்கால் வலி என்று இருவர் சொன்னார்கள். பயிற்றுநர் தெரிந்து வைத்திருக்க வேண்டிய சோதனை: கணுக்காலுக்கு மேலே, கால் எலும்பின் உள்விளிம்பில் ஒரு விரலால் அழுத்திக்கொண்டே வரவும். வலி ஐந்து செ.மீ.க்கு மேல் பரவியிருந்தால் பெரும்பாலும் எலும்புறையில் அழுத்தம்; ஓட்டத்தைக் குறைத்துப் பார்க்கலாம். ஒரே புள்ளியில் சுருக்கென்று குத்தினால், அல்லது ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்லும்போது முகம் சுளித்தால், எலும்பில் கீறல் விழத் தொடங்கியிருக்கலாம். ஓட்டம் அன்றே நிறுத்தம், மருத்துவரிடம். இந்த இருவருக்கும் முதல் வகை. ஒருத்தியின் காலணி நசுங்கிப்போய், குதிங்கால் ரப்பரை விரலால் அழுத்தினால் அப்படியே குழிந்து நிற்கிறது.

எலும்புக் கீறலைப் பற்றிப் பேசினால் மாதவிடாயைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பயிற்சியைக் கூட்டிக்கொண்டே சாப்பாட்டைக் கூட்டாமல் விட்டால் உடம்பு முதலில் நிறுத்துவது மாதவிடாயை. ‘மூணு மாசமா வரல, நல்லதுதானே, தொல்லை இல்லை’ என்று சொல்லும் ஓட்டக்காரிகள் உண்டு. அது தகுதியின் அடையாளம் இல்லை, சாப்பாடு போதவில்லை என்ற அறிவிப்பு. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு தேயும். மூன்று மாதம் தவறினால் மருத்துவரைப் பார்ப்பது இந்த அணியில் கட்டாயம். ஆண் பயிற்றுநர் இதைத் திடலில் கேட்கக் கூடாது. அக்காவிடம் ஒரு குறிப்பேடு இருக்கிறது, விருப்பமுள்ளவர்கள் எழுதுவார்கள். முதல் நாள் வலி இருந்தால் பயிற்சியை விடலாம், இருக்கலாம், பாதியில் நிறுத்தலாம். சிலருக்கு அன்றைக்குத்தான் நன்றாக ஓட வரும். எல்லோருக்கும் ஒரே விதி போட முடியாது. வெள்ளைக் கால்சட்டைச் சீருடையை மட்டும் அடுத்த வருடமாவது மாற்ற வேண்டும்.

அடுத்தது இரும்பு. காரணம் தெரியாத களைப்பு, படி ஏறினால் மூச்சு வாங்குதல், வழக்கமான வேகமே கனப்பது என்றால் இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) பார்க்கச் சொல்ல வேண்டும். முன்னது சரியாக இருந்தும் பின்னது காலியாக இருக்கலாம். மாத்திரையைத் தாமாக வாங்கிப் போடக் கூடாது. சைவப் பெண்கள் முருங்கைக்கீரை, பருப்பு, கொண்டைக்கடலையோடு எலுமிச்சை பிழிந்துகொள்வது நல்லது, இரும்பு உடம்பில் சேர அது உதவும். சாப்பிட்ட கையோடு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடித்தால் தேயிலை அதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். லிட்டில் இந்தியாவில் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் தேநீர் இல்லாமல் உட்கார வைப்பது, இந்த எட்டு நாளில் கடினமான பயிற்சி.

வியாழன்: தடையும் பலகையும்

பெண்களின் 100 மீட்டர் தடை: உயரம் 83.8 செ.மீ., முதல் தடைக்கு 13 மீட்டர், இடையில் 8.5 மீட்டர், மொத்தம் பத்துத் தடை. இடையில் மூன்று காலடி. கல்லூரிக்கு வந்த பிறகு தடை பழகத் தொடங்கிய பெண்ணுக்கு 8.5 மீட்டரில் மூன்று அடி எட்டாது. நான்கு, ஐந்து என்று திணறுவாள், காலும் மாறிப்போகும். தடையை 76.2 செ.மீ.க்கு இறக்கி, இடைவெளியை 8 மீட்டருக்குக் குறைத்து, முதலில் தாளத்தை உண்டாக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு ஒரு சாண் நீட்டலாம். தாளம் வருவதற்கு முன் முழு அளவில் விட்டால் அவள் கற்றுக்கொள்வது எம்பிக் குதிப்பதை.

எம்பிக் குதிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் தடையை நெருங்கிவிட்டு எழுவது. இரண்டு மீட்டர் முன்னால் எழுந்து, தடையைத் தாண்டி ஒரு மீட்டர் அளவில் கால் ஊன்ற வேண்டும். தரையில் இரண்டு டேப் ஒட்டிவிட்டால் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, கால் தானே கற்றுக்கொள்ளும்.

நீளம் தாண்டுதலில் 16 காலடி ஓட்டம், ஏறத்தாழ 32 மீட்டர். 2021 நவம்பரிலிருந்து விதி மாறியிருக்கிறது: தாண்டும் பலகைக்கு முன்னால் வைத்த மெழுகில் தடம் பதிந்ததா என்பது இல்லை, தாண்டும்போது காலணியின் நுனி பலகையின் முன்விளிம்பிலிருந்து செங்குத்தாக எழும் தளத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தாலே பிழை. பழைய விதியில் தப்பிய சில தாண்டல்கள் இப்போது தப்பாது. அதனால் ஐந்து செ.மீ. பின்னால் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

கடலோரத் திடலில் காற்று வேளைக்கு வேளை திரும்பும். எதிர்க்காற்று என்றால் ஓட்டத் தொடக்கத்தை ஓர் அடிப்பாதம் பலகைப் பக்கம் நகர்த்த வேண்டும், பின்காற்று என்றால் அந்த அளவு பின்னுக்கு. கொடிக்கம்பத்தைப் பார்ப்பதைவிட, குழி ஓரத்தில் ஒரு குச்சியில் கட்டிய டேப் துண்டு தரைக்காற்றைச் சரியாகக் காட்டும். ஒவ்வொரு தாண்டலிலும் இறுதி நான்கு அடி தொடங்கும் இடத்தை ஒருவர் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த இடம் மாறாமல் பலகையில் மட்டும் தவறினால் கோளாறு கடைசி நான்கில். அந்த இடமே ஆடினால் கோளாறு தொடக்கத்தில். இந்தப் பெண்ணுக்குத் தொடக்கம் நன்றாக இருக்கிறது. பலகையைப் பார்த்ததும் கடைசி அடியை நீட்டுகிறாள், இடுப்பு கீழே போய்விடுகிறது.

இவள்தான் அஞ்சலில் இரண்டாமவர். மாலையில் முழு வேகத்தில் மூன்றே மாற்றம். 28 பாத அளவு மூன்றிலும் சரியாக வந்தது.

வெள்ளி

இருபத்தைந்து நிமிடம் உடம்பைச் சூடாக்குவது, 30 மீட்டர் மூன்று, அவ்வளவுதான். மதியம் சைவச் சாப்பாடு. வெள்ளிக்கிழமை என்பதால் யாரும் கேள்வி கேட்கவில்லை. இரவு எண் துணிகளை ஊக்குப் போட்டுத் தயாராக்கி, ஆணிகளை இறுக்கியாயிற்று. ஒருத்தியின் ஆணி துருப்பிடித்துக் கழறாமல் அரை மணி நேரம் போனது. ஆணியைப் போடும்போதே மரையில் துளி வாசலின் தடவியிருந்தால் இந்த வேலையே இல்லை.

சனி: போட்டி

வெயிலில் சூடேற்றும் நேரத்தைக் குறைக்க வேண்டும். குளிர்நாட்டுப் புத்தகங்களில் உள்ள முக்கால் மணி நேரச் சூடேற்றம் இங்கே ஓட்டத்தைத் திடலுக்கு வெளியிலேயே தீர்த்துவிடும். அரை மணி போதும், நிழலில். அழைப்பு அறைக்குப் போகும்வரை ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டு கழுத்தில். தலைசுற்றல் என்றால் நிழல், தண்ணீர், கால்களைத் தூக்கிப் படுக்கவைத்தல். பேச்சு குழறினால், கேட்ட கேள்விக்குப் பொருந்தாத பதில் வந்தால் அது வேறு கதை. ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல் அங்கேயே ஐஸ் தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். குளிர்விப்பது முதலில், ஏற்றிப்போவது பிறகு. பெரிய பிளாஸ்டிக் தொட்டியும் இரண்டு மூட்டை ஐஸும் அதற்காகத்தான் வேனில் வந்தன. இன்றைக்குத் தேவைப்படவில்லை.

தடை ஓட்டத்தில் இரண்டு பேரும் பத்துத் தடையையும் மூன்று அடித் தாளத்தில் முடித்தார்கள். ஈட்டியில் மூன்று வீச்சும் செல்லுபடி. நீளம் தாண்டுதலில் நம் பெண் முதல் எட்டுக்குள் வந்து ஆறு தாண்டலும் தாண்டினாள்.

அஞ்சல் ஓட்டம் கடைசி நிகழ்ச்சி, தாண்டுதல் முடிந்து எழுபது நிமிடம் கழித்து. முதல் மாற்றம் பகுதியின் நடுவிலேயே முடிந்தது. இரண்டாவதில் மூன்றாமவர் சரியாக டேப்பைப் பார்த்துக் கிளம்பினார். ‘கை!’ கேட்டது, கை நீண்டது, பேட்டன் எட்டவில்லை. இன்னும் இரண்டு அடி, இன்னும் ஒன்று. கைமாறியது கோட்டைத் தாண்டி அரை மீட்டரில். நடுவர் மஞ்சள் கொடியைத் தூக்கினார். தகுதி நீக்கம்.

மூன்றாமவர் அழுதார். அவர் மீது தவறில்லை, படத்தில் தெளிவாகத் தெரிகிறது: டேப்பில் கால் விழுந்ததும்தான் அசைகிறார். தவறு 28 என்ற எண்ணில் இருந்தது. அந்த எண் வியாழக்கிழமைக் காலுக்கு அளந்தது. ஆறு தாண்டல், ஆறு முழு ஓட்டம் கழிந்த காலுக்கு அளந்ததல்ல. விநாடிக்கு 8 மீட்டர் என்பது 7.75 ஆகக் குறைந்தால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் 3.3 விநாடியில் 0.8 மீட்டர் பின்தங்கும். அதோடு நிற்பதில்லை. அந்த இடத்தில் வாங்குபவரும் ஏறக்குறைய அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பதால், 0.8 மீட்டரை எட்டிப் பிடிக்க இன்னும் பல மீட்டர் ஓட வேண்டும். 30 மீட்டர் அதற்குப் போதவில்லை. மூன்று பாத அளவு குறைத்து 25இல் டேப் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டச் சொல்ல வேண்டியவர்கள் பயிற்றுநர்கள். ‘நில்!’ என்ற சொல்லும் யாருடைய வாயிலும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை பழகாதது சனிக்கிழமை எப்படி வரும்?

ஞாயிறு: தண்ணீர்மலை, திரும்பும் ரயில்

காலை ஏழரைக்குப் படி ஏறத் தொடங்கினார்கள். செருப்பு கீழே. ஓடி ஏறுவது கோயிலுக்கும் அழகில்லை, முட்டிக்கும் நல்லதில்லை. இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்து, முட்டியைப் பூட்டாமல், ஒவ்வொரு படியிலும் முழுப் பாதம். முன்கால் வலி உள்ள இருவரும் கீழேயே தேங்காய் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேலே தைப்பூசக் காவடி பற்றிப் பேச்சு வந்தது. ஒருத்தி அடுத்த தைப்பூசத்துக்கு விரதம் இருக்கப் போகிறாளாம். ஒருவேளைச் சாப்பாடு என்றால் அந்த வாரங்களில் விரைவோட்டமும் எடைப் பயிற்சியும் பாதியாக வேண்டும், பயிற்சி நேரம் அந்த ஒருவேளைக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். இப்போதே சொன்னதால் ஆண்டுத் திட்டத்தில் எழுத முடிகிறது. கடைசி வாரத்தில் தெரிந்தால்தான் சிக்கல்.

ஃபெர்ரியில் எல்லோரும் தூக்கம். ரயிலில் ஏட்டைப் பிரித்து இரண்டாம் மாற்றத்துக்கு இரண்டு வரி எழுதியாயிற்று: தாண்டுதல் இல்லாத நாள் 28, தாண்டிய நாள் 25. இந்த 25 கணக்கில் வந்த எண்தான். அடுத்த வியாழன் ஆறு தாண்டலை முடித்துவிட்டு அதே காலோடு ஓடிப் பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை 513 படியின் வலி உச்சத்தில் இருக்கும், அன்று நீச்சல் குளம். ‘நில்!’ திங்கட்கிழமை, மெதுவோட்டத்தில், பத்து முறை.